மஹ்ரூக் மேட்டின் நண்பகல்

1950 அல்லது 1951. பிறப்பு. பதிவு இல்லை.
1966 அக்டோபர். கல்யாண மஹர், நாற்பது தினார். கைக்கு வந்தது பதினைந்து.
1968 மார்ச். குழி வெட்டிய கூலி, ஏதுமில்லை.
1998 டிசம்பர் 11. கரக் ஆஸ்பத்திரிக்கு வண்டி வாடகை, எட்டு தினார்.
1999 ஜனவரி 16. பானை ஓடு கழுவும் கூலி, நாளுக்கு மூன்றரை தினார்.
2014 பிப்ரவரி 4. வெள்ளைத் துணி, ஒன்றரை தினார்.
அதே நாள். மறுபடியும் வெள்ளைத் துணி, ஒன்றரை தினார்.
2014 ஜூன் 19. வெளிநாட்டுக்கு அஞ்சல் தலை, எண்ணூறு ஃபில்ஸ்.

ஹம்தாவின் வாழ்க்கையில் தேதியோ தொகையோ போட்டு உறுதியாகச் சொல்லக்கூடியவை இவ்வளவுதான். மற்றவற்றை உம்-தர்ஃபா ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வருவதை மட்டும் கீழே காணலாம்.

உம்-தர்ஃபா லூத்தின் கடலுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. வரைபடத்தில் சாக்கடல் என்று போட்டிருப்பார்கள். ஊரில் அப்படி யாரும் சொல்வதில்லை. தக்காளி, கத்தரி, வாழை. குளிர்காலத்தில் மட்டும் மனிதர் வாழத் தகுந்த வெயில். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் மஹ்ரூக் மேடு. மஹ்ரூக் என்றால் எரிந்தது. மேட்டின் மண்ணை எங்கே கிளறினாலும் முழங்கால் ஆழத்தில் சாம்பல் வரும். சாம்பலுக்குள் செங்கல் உருகிப் பச்சைக் கண்ணாடியாகிக் கிடக்கும். லூத் நபியின் பேச்சைக் கேட்காமல் அழிந்துபோன சனம் அதற்குள் கிடக்கிறது என்பது ஊரின் நம்பிக்கை.

ஆகவே மேட்டைப் பற்றிச் சில வழக்கங்கள் உண்டு. மேட்டின் மேல் யாரும் வாயில் எதையும் போடமாட்டார்கள். அங்கே ஊறும் தண்ணீரைத் தொடமாட்டார்கள். இறங்கி வந்ததும் அடிவாரத்தில் நின்று, செருப்பையும் ஆடை விளிம்பையும் தட்டி, அந்த சனத்தின் தூசியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அகழாய்வுத் தலைவர் டாக்டர் லண்ட்கிரன் முதல் வருடம் மேட்டின் உச்சியில் நல்ல பந்தல் ஒன்று போட்டு, காலைச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். வேலையாட்கள் ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, முள்மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நிழல் போதவில்லை என்று நினைத்து மறுநாள் பந்தலைப் பெரிதாக்கினார். அதற்கும் யாரும் போகவில்லை. அதன் பிறகு அவர் தனியாக அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார். கீழே இருந்து பார்க்கிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி ஊரில் பேசமாட்டார்கள். நண்பகலில், கடலிலிருந்து வரும் காற்று சட்டென்று நின்றுபோகும் நேரத்தில், மேட்டின் கிழக்குச் சரிவிலிருந்து ஒரு சத்தம் வரும். பச்சைக் குழந்தை சிணுங்குவது போல இருக்கும். அது அடங்கியதும், அதற்குப் பதில் சொல்வது போல இன்னொன்று. ஆந்தைக் குஞ்சு என்று சிலர், சூட்டில் மண் வெடிக்கிறது என்று சிலர். கேட்டவர்கள் குனிந்து வேலையைத் தொடர்வார்கள்.

லண்ட்கிரனுக்கு இதுதான் சோதோம், பாவத்துக்காகக் கடவுள் நெருப்பால் அழித்ததாக வேதம் சொல்லும் நகரம். அதை நிரூபிக்கவே கடல் கடந்து வந்தவர். வேதத்தில் எழுதியிருக்கிற திசை, சமவெளி, நெருப்பு மூன்றும் இங்கே ஒன்றாகப் பொருந்துகின்றன என்பார். தலைநகர் அம்மானிலிருந்து வந்து கூடவே வேலை பார்த்த டாக்டர் ஸப்ரீக்கு இது எரிந்துபோன ஊர், அவ்வளவுதான். எந்த ஊரும் எரியும், நிலநடுக்கத்தில் அடுப்பு கவிழ்ந்தால் போதும் என்பார். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே கெண்டித் தேநீரைக் குடித்துக்கொண்டு, பதினைந்து வருடமாக இதையே சண்டை போட்டார்கள். கண்டெடுத்த ஒவ்வொரு பொருளையும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

அந்த மேசைக்குப் பின்னால், தார்ப்பாய் நிழலில், தண்ணீர்த் தொட்டிக்கு முன் உட்கார்ந்து ஓடு கழுவினவள் ஹம்தா.

முதல் வருடம் அந்த வேலைக்கு ஊரில் ஒரு பெண்ணும் வரவில்லை. மேட்டுத் தூசியைத் தண்ணீரில் கரைத்துக் கையால் அளைவதற்கு யார் சம்மதிப்பார்கள்? ஹம்தா தானாகப் போய் நின்றாள். புருஷன் ஸலாமா இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஊர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. அடுத்த வீட்டு நவ்ஃபா மட்டும் வாயைப் பொத்தவில்லை. ஹம்தாவை அவள் கூப்பிடுவது உம் ஃபாலிஹ், ஃபாலிஹின் அம்மா, என்றுதான்.

"ஏன்டி உம் ஃபாலிஹ், உனக்கு வேற பொழப்பே கெடைக்கலயா? லூத் சனம் தின்னுட்டுப் போட்ட சட்டியெல்லாம் நீ போய்க் கழுவுற?"

"அவங்க கழுவாம போயிட்டாங்க. யாராச்சும் கழுவணும்ல."

"கூலிய அவங்ககிட்டயே வாங்கிக்க."

இரண்டாம் வருடம் நவ்ஃபாவும் வந்து பக்கத்துத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டாள். கூலி நான்கு தினாராக ஏறியிருந்தது.

ஹம்தா எதற்காகப் போனாள் என்பது நவ்ஃபாவுக்குத் தெரியாது. மகன் ஃபாலிஹுக்கும் தெரியாது. அவன் அதே மேட்டில் கடப்பாரை பிடிக்கிறவன்.

ஃபாலிஹுக்கு முன்னால் ஹம்தாவுக்கு ஒரு பெண் பிறந்தது. கடலுக்கு அக்கரையிலிருந்து குண்டு விழுந்த வருடம். ஊர் முழுவதும் கிழக்கே மலைக்கு ஓடி, பாறை இடுக்குகளில் பதுங்கியிருந்தது. பிறந்து மூன்றாம் நாள், பெயர்கூட வைக்காத நிலையில், குழந்தை சாயங்காலம் மூச்சை விட்டது. ஸலாமா தன் தலைத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் இறங்கிப் போனான். விடியும்போது திரும்பி வந்தான். "உங்க அம்மா பக்கத்துல படுக்க வச்சிட்டேன்" என்றான். வெறும் தலைத்துணியைக் குளிருக்காக ஹம்தாவின் மேல் போர்த்தினான். அதில் சாம்பல் வாடை அடித்தது. அணைந்த அடுப்பில் தண்ணீர் தெளித்தால் வருகிற வாடை.

ஊர் திரும்பியதும் ஹம்தா கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அம்மாவின் பக்கத்தில் மண் கிளறிய தடம் இல்லை. குண்டு விழுந்து எல்லாம் புரண்டுபோயிருக்கும் என்றான் ஸலாமா. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தத் தலைத்துணியை எத்தனை முறை துவைத்தும் வாடை போகவில்லை. கடைசியில் எரித்தாள்.

முப்பது வருடம் கழித்து, கரக் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த ஸலாமா ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து கேட்டான்.

"தாழி வாய நல்லா மூடினேனா?"

"எந்தத் தாழி?"

"மேட்டுச் சரிவுல. கல்லறைக்குப் போக முடியல ஹம்தா. வெட்டவெளி, சுட்டுக்கிட்டே இருந்தாங்க. மழையில மண்ணு சரிஞ்சு தாழி வாய் தெரிஞ்சுச்சு. உள்ள வச்சு, மண்ண கொழச்சு மூடினேன். நரி எடுத்திரும்ல." கொஞ்ச நேரம் கழித்து, "நான் மூடினேனா?" என்று மறுபடியும் கேட்டான். அன்றைக்கே போய்விட்டான்.

ஆக, தன் பிள்ளை அந்த மேட்டில், அந்த சனத்தோடு கிடக்கிறது. சுற்றிப் புதைக்கக் கஃபன் துணி இல்லை, தொழுகை இல்லை, பெயர் இல்லை. நண்பகலில் சிணுங்குகிற சத்தம் ஹம்தாவுக்கு அதன் பிறகு வேறு மாதிரிக் கேட்டது. தலைவர் ஆள் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றது அதற்காகத்தான். மேட்டிலிருந்து எது வெளியே வந்தாலும் அது அவள் தொட்டியைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் நாள் ஓடுகளைத் தண்ணீரில் போட்டதும் அந்த வாடை எழுந்தது. நேற்று அணைத்த நெருப்பு போல. ஹம்தா கையை எடுக்கவில்லை.

பதினைந்து குளிர்காலம் அப்படிப் போனது. வாளி வாளியாக ஓடு. எலும்பு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் விரலால் வருடிப் பார்ப்பாள். ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டி, நாய், ஆட்டுக்குட்டி. நவ்ஃபா கேலி செய்வாள்: "எலும்ப பார்த்து விருந்துக்கு ஏங்குறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

பதினாறாம் முறை, 2014 பிப்ரவரி தொடக்கத்தில், கிழக்குச் சரிவில் ஒரு வீட்டுச் சுவரின் அடியில் ஃபாலிஹின் கடப்பாரை எதிலோ தட்டி நின்றது. அவன் தலைவரைக் கூப்பிட்டான். எல்லாரும் கூடிவிட்டார்கள். சாய்ந்து படுத்திருந்த தாழி. வாயில் குழைமண்ணால் அடைத்த மூடி. மூடியை முழுதாக எடுத்தார்கள். உள்ளே மண்ணும், குருவி எலும்பு அளவுக்கு மெல்லிய எலும்புகளும்.

அன்று நண்பகலில் காற்று நின்றது. சத்தம் மேட்டின் மேலிருந்து வரவில்லை. தாழியைக் கொண்டுபோய் வைத்திருந்த கூடாரத்திலிருந்து வந்தது என்று நவ்ஃபா பிறகு சொன்னாள். மற்றவர்கள் கேட்கவில்லை என்றார்கள். ஆனால் மறுநாள் மூன்று பேர் வேலைக்கு வரவில்லை.

கூடாரத்துக்குள் சண்டை தொடங்கிவிட்டது. லண்ட்கிரனின் அரபி வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். இலக்கணம் தவறாது, பேச்சாகவும் ஆகாது.

"சுவரின் அடியில், நகர வாயிலுக்கு அருகில், ஒரு சிசு. இஃது பலியன்றி வேறென்ன? இந்நகர் ஏன் அழிந்தது என்பதற்கு இதுவே சான்று."

"பலியா?" என்றார் ஸப்ரீ. "வீட்டுக்குள்ளயே புதைச்சிருக்காங்க ஐயா. பிள்ளைய தூரமா அனுப்ப அந்தத் தாய்க்கு மனசு வரல. உலகம் பூரா அப்படித்தான் பண்ணியிருக்காங்க. உங்களுக்கு இங்க எதப் பார்த்தாலும் பாவமாவே தெரியுது."

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அடுப்பாகத் தெரிகிறது."

எலும்பு பார்க்கிற டாக்டர் ஆக்னெஸ் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். புதிதாகப் பிறந்தது, எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, பிரித்துப் பார்க்க ஒரு வாரம் வேண்டும் என்றாள்.

ஹம்தா கூடார வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மூடிய நான் பாக்கணும்."

ஓடு கழுவுகிறவள் அதுவரை அந்தக் கூடாரத்துக்குள் வாயைத் திறந்ததில்லை. ஸப்ரீ மூடியை எடுத்துக் காட்டினார். உள்பக்கம் வழுவழுப்பு. வெளிப்பக்கத்தில், ஈரமாக இருந்தபோது அழுத்தின கை அப்படியே பதிந்திருந்தது. நான்கு விரல் முழுசாக. மோதிர விரல் மட்டும் பாதி.

ஸலாமாவின் மோதிர விரலைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே நீர் இறைக்கும் இயந்திரத்தின் பட்டை தின்றிருந்தது. ஃபாலிஹ் மூடியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"யம்மா. இது அப்பா கை மாதிரி இருக்கு."

"அப்பா கைதான். உள்ள இருக்கிறது உன் அக்கா."

வெளியே தொட்டிப் பக்கம் நவ்ஃபா முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டும் நின்றுபோனது. ஹம்தா நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. மலை, தலைத்துணி, ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் யாருக்கோ நடந்தது போல வரிசையாகச் சொன்னாள். லண்ட்கிரன் மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மையாரே, அக்காலத்திலும் விரல் இழந்தோர் இருந்திருக்கக் கூடும்."

"இருந்திருப்பாங்க" என்றாள் ஹம்தா. "அவங்க பிள்ளைய நான் கேக்கல. என் பிள்ளைய குடுங்க."

ஃபாலிஹ் அவள் பக்கத்தில் போய் நின்றான். லண்ட்கிரன் மூடியைத் தாழியின் பக்கத்தில் வைத்தார். அவருடைய பதினைந்து வருடத் தேடலில் சோதோமுக்கு மிக நெருங்கி வந்த பொருள் அந்த மேசையின் மேல் இருந்தது. பிறகு, "இது பழையதாக இருந்தால் என்னிடம் புகைப்படங்கள் உள்ளன. இந்தப் பெண்ணின் பிள்ளையாக இருந்தால், ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை" என்றார். ஸப்ரீ தலையை ஆட்டினார். இருவரும் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். எலும்பின் ஒரு சிறு துண்டு மட்டும் காலம் கணிக்க வெளிநாட்டுக்குப் போனது. மூடியும் தாழியும் கிடங்குக்குப் போயின. ஆக்னெஸ் கேட்ட ஒரு வாரம் கிடைக்கவில்லை.

ஹம்தா வீட்டில் வைத்துக் கஃபன் கட்டினாள். வெள்ளைத் துணி கடையிலிருந்து வந்தது. எலும்பை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்துக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றாள். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு கண்ணை மூடி இருந்தாள். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பித்தாள்.

"நவ்ஃபா, இன்னொரு துணி வாங்கிட்டு வா."

"அடியே, ஒரு கைப்பிடி எலும்புக்கு இதுவே அதிகம்டி."

"போதல."

"எதுக்குப் போதல?"

"போய் வாங்கிட்டு வா."

நவ்ஃபா திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. ஹம்தா கையை மட்டும் நீட்டித் துணியை வாங்கிக்கொண்டாள். கல்லறையில், அம்மாவின் பக்கத்தில், கட்டின மூட்டை பிரிக்காமலே குழிக்குள் போனது. வத்ஹா என்று பெயர் வைத்தாள். தொழுகை நடந்தது. ஊர் முழுவதும் வந்திருந்தது.

மறுநாள் முதல் ஹம்தா ஓடு கழுவப் போகவில்லை.

ஜூன் மாதத்தில் ஸப்ரீ அம்மானிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த வெயிலில் யாரும் அந்தப் பள்ளத்தாக்குக்கு வரமாட்டார்கள். கையில் ஒரு கடிதம். காலம் கணித்தவர்கள் பதில் அனுப்பியிருந்தார்கள். எலும்புத் துண்டுக்கு மூவாயிரத்து அறுநூறு வயது. மேடு எரிந்த காலம்.

ஃபாலிஹ் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

"உங்க அம்மா கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்க" என்றார் ஸப்ரீ. "லண்ட்கிரன் கொண்டாடுவாருன்னு நெனச்சேன். போன்ல சொன்னேன். பேசவே இல்ல மனுஷன்."

விஷயம் மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. லூத் சனத்தின் பிள்ளையை நம் ஆட்கள் நடுவில் புதைத்திருக்கிறார்கள். நாம் எல்லாரும் அதற்குப் பின்னால் நின்று தொழுதிருக்கிறோம். ஊர்ப் பெரியவர் ஹாஜி மித்லக்கின் விருந்தறையில் ஆண்கள் கூடினார்கள். மித்லக் எண்பது வயதைத் தாண்டியவர், கண் மங்கியவர், காது மட்டும் கூர்மை. ஹம்தா வாசற்படியில் வந்து நின்றாள்.

"உம் ஃபாலிஹ், உன் மேல தப்பு சொல்ல வரல" என்றார் மித்லக். "ஏமாந்துட்ட. யாரும் ஏமாறுவாங்க. ஆனா அது எங்க அப்பன் தலைமாட்டுல கெடக்கக் கூடாது. எடுத்து மேட்டுலயே வச்சிருவோம்."

"எடுக்க முடியாது ஹாஜி."

"ஏன் முடியாது?"

"ஒண்ணில்ல. ரெண்டு பேரு இருக்காங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். மித்லக் கையைத் தூக்கினார். ஹம்தா சொன்னாள்: "தாழி காலியா கெடக்குன்னு அவரு நெனச்சிருக்காரு. இருட்டுல மண்ணுதான் தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு படுத்திருந்திருக்கு. அது மேலயே வச்சு மூடிட்டாரு. நான் கையில எடுக்கும்போது ஒண்ணு ஓடு மாதிரி இருந்துச்சு, ஒண்ணு அப்படி இல்ல. எது எதுன்னு பிரிச்சுப் பாத்தேன். சின்னது எல்லாம் கலந்து போயிருந்துச்சு. முடியல. ரெண்டு துணியில கட்டி, ஒண்ணா வச்சேன்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?" கேட்டது ஃபாலிஹ்.

"சொல்லியிருந்தா தொழுதிருப்பீங்களா?"

ஹம்தா மித்லக் பக்கம் திரும்பினாள்.

"அந்த சனம் பாவம் பண்ணினது. இது எப்ப பண்ணுச்சு? பொறந்து எத்தன நாள்னுகூடத் தெரியாது" என்றாள். "என் பிள்ளைக்கு இத்தன வருஷம் தொணைக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

குழியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். ஸப்ரீ அங்கேயே உட்கார்ந்து ஆக்னெஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்: எடுத்த படங்களை மறுபடியும் பாருங்கள், ஒரு குழந்தையா இரண்டா என்று சொல்லுங்கள். ஃபாலிஹ் ஓடிப்போய் அஞ்சல் தலை வாங்கி வந்தான். பதில் வரும்வரை பொறுக்கச் சொன்னார் ஸப்ரீ. மித்லக் பொறுப்பதாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஹம்தா காலையிலேயே கல்லறைக்குப் போய்க் குழிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியதும் ஃபாலிஹ் குடையோடும் தண்ணீரோடும் வந்தான். நவ்ஃபாவும் வந்தாள்.

"கெழவி, வெயில்ல உக்காந்து நீயும் செத்தா, உனக்கும் சேத்து நான்தான் துணி வாங்கணும்" என்றாள்.

"வாங்கு. கொசுறு கேளு."

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் மித்லக் வந்தார். பேரன் கையைப் பிடித்து நடத்தி வந்தான். பின்னால் நான்கு பேர், மண்வெட்டியோடு. ஃபாலிஹ் எழுந்து குழிக்கு முன்னால் நின்றான். ஹம்தா எழவில்லை.

"நகரு மவனே" என்றார் மித்லக்.

"நகர மாட்டேன் ஹாஜி."

அந்த நேரத்தில் காற்று நின்றது. தினமும் நிற்கிற மாதிரித்தான். வாழை இலை ஆடவில்லை. தூரத்தில் மேடு, கானலில் பாதி கரைந்து, தரையைத் தொடாமல் தொங்குவது போலத் தெரிந்தது. எல்லாரும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள், அந்தச் சத்தத்துக்காக.

வரவில்லை.

மித்லக் தலையைச் சாய்த்து நின்றார். பேரனின் கையை விட்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் நகரவில்லை.

"எப்பலேந்து சத்தம் இல்ல?" என்று கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நின்றுபோனதை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. காதில் விழாத மாதிரி நடிப்பதே அத்தனை காலப் பழக்கம்.

"குளிர்காலத்துலேந்து" என்றாள் நவ்ஃபா மெதுவாக. "பொதைச்ச நாள்லேந்து."

மித்லக் உதட்டை நனைத்துக்கொண்டார். "நான் ஆடு மேய்க்கிற வயசுல, அந்தச் சரிவுல ஒண்ணுதான் கேக்கும்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. அழும், நிக்கும். குண்டு விழுந்து, மலைக்குப் போயி, திரும்பி வந்த பெறகுதான் ரெண்டாச்சு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பயமா இருந்துச்சு."

அவர் குனிந்து தடவிப் பார்த்து, குழியின் தலைமாட்டுக் கல்லைக் கண்டுபிடித்தார். அதன் மேல் கையை வைத்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, பக்கத்தில் கிடந்த கல் ஒன்றை எடுத்து வரச் சொல்லி, முதல் கல்லுக்குப் பக்கத்தில் நட்டு, மண்ணை அழுத்தினார். மண்வெட்டி கொண்டுவந்தவர்கள் அதற்கு மட்டும் மண்வெட்டியைப் பயன்படுத்தினார்கள்.

"வீட்டுக்குப் போ உம் ஃபாலிஹ்" என்றார். "வெயிலா இருக்கு."

கல்லறைத் தோட்டத்தின் வாசலைத் தாண்டியதும் எல்லாரும், மேட்டடிவாரத்தில் செய்வது போல நின்று, செருப்பைத் தட்டக் காலைத் தூக்கினார்கள். மித்லக் தட்டவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் காலைக் கீழே வைத்தார்கள்.

மேட்டைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. சோதோம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இருந்த அந்த ஒரு சான்று இப்போது இரண்டு பேருக்கும் இல்லை. கலப்பு எலும்பை வைத்துப் பலியையும் காட்ட முடியாது, பாசத்தையும் காட்ட முடியாது. லண்ட்கிரன் அடுத்த குளிர்காலத்துக்கும் ஆள் எடுப்பதாகச் சொல்லியனுப்பினார். உச்சிப் பந்தலைப் பிரித்துக் கொண்டுவந்து முள்மரத்தடியில் போடச் சொன்னார். யார் அவருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஆக்னெஸின் பதில் வரத் தாமதமானது. வந்தபோது அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஸப்ரீ கொண்டுவந்து, தக்காளிக் கொட்டகையில் வைத்து, ஹம்தாவுக்கும் ஃபாலிஹுக்கும் படித்துக் காட்டினார். படங்களில் வலது தொடை எலும்பு இரண்டு இருக்கின்றன. ஒரு குழந்தைக்கு அப்படி இருக்க முடியாது. அவசரத்தில் தான் கவனிக்கவில்லை. அதில் ஒன்றின் நிறம் வேறு, அது அண்மைக் காலத்தது. கடைசியில் ஒரு கேள்வி. பதிவேட்டில் ஒரு குழந்தைக்கு வத்ஹா என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்றுக்கு எண்தான் இருக்கிறது. என்ன எழுதட்டும்?

ஹம்தா பழுத்த தக்காளியைத் தனியாக, காயைத் தனியாகப் பிரித்துக்கொண்டே யோசித்தாள்.

"அதுக்கு அவங்க அம்மா ஒரு பேரு வச்சிருப்பா" என்றாள். "எடத்த விட்டு வைக்கச் சொல்லுங்க."

அந்தக் கடிதம் உம்-தர்ஃபாவுக்கு வந்து சேர்ந்தது 2014 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை.